மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்



நம் தில்லிப் பல்கலைக்கழகத்தை அடுத்த ரிட்ஜ் காட்டுப் பாதையில் காலை வேளைகளில் நம்மவர் பலர் ஓடுவதைக் காண்கிறேன். வரும் பிப்ரவரியில் தில்லியில் நடைபெறும் மாரத்தானுக்குச் சிலர் பெயர் பதிந்திருப்பதாகவும் அறிந்தேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை. இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. சென்ற பிப்ரவரியில் அதே ஓட்டத்துக்குப் பெயர் பதிந்தவன் நான். ஓடாமல் நின்றவனும் நானே.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதல் நடந்தபோது தூரம் ஏறத்தாழ 40 கி.மீ.தான். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே 1921இல் முறையான அளவாக ஏற்கப்பட்டது. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 21,000 முறை தரையைத் தொட வேண்டும். தொடும்போதெல்லாம் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு வரை விசை காலில் ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு அது 120 கிலோவுக்குக் குறையாத பாரம். இயற்பியல் மாணவனாகிய நான் இந்த எளிய கணக்கை ஓடத் தொடங்கும் முன் போடவில்லை. கால் கெட்டுப் படுத்தபின்பே போட்டேன்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு ஆகஸ்டில் வாரத்துக்கு 12 கி.மீ. என்று தொடங்கினேன். அக்டோபர் நடுவில் 24 கி.மீ. ஆயிற்று. தொடக்கத்தில் நாய்போல் இரைத்த எனக்கு, அப்போது பேசிக்கொண்டே ஓட முடிந்தது. "இனி என்ன தடை?" என்று எண்ணினேன். அடுத்த மூன்று வாரங்களில் 45 கி.மீ. வரை ஏற்றிவிட்டேன்.

நவம்பர் நடுவில், இடக் கணைக்காலின் உட்புறத்தில் வலி கண்டது. முதலில் ஓடத் தொடங்கும்போது வலித்துச் சிறிது தூரத்தில் மறைந்தது. பிறகு ஓட்டம் முழுவதும் உடன் வந்தது. பிறகு விடுதிப் படி ஏறும்போதும் வலித்தது. இறுதியில் இரவில் போர்வைக்குள் படுத்திருக்கும்போதும் வலித்தது. இந்நான்கு படிகளையும் நான் கண்டேன், ஒன்றிலும் நிற்கவில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஒரு ஞாயிறன்று 26 கி.மீ. ஓடினேன். மறுநாள் இடக் காலால் ஒரு முறைகூட நொண்டியடிக்க முடியவில்லை.

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் ஆய்வு மாணவராக உள்ள அண்ணன் ஒருவர் மாத்திரை அட்டையைக் கண்டார். "தம்பி, ஆய்வுக்கூடத்தில் தராசு காட்டும் எண் பிடிக்கவில்லையென்றால் முள்ளைப் பிடுங்கிவிடுவாயா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

எலும்பின் இயல்பு

எலும்பு கல் அன்று, உயிருள்ள பொருள். தன்மேல் ஏறும் பாரத்துக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? சுவரைப் பழுதுபார்க்கும் கொத்தனார் முதலில் பழைய காரையைக் கொத்தி எடுப்பார். பின்னரே புதுக் காரை பூசுவார். எலும்பிலும் அவ்வாறே. ஒருவகை உயிரணுக்கள் தேய்ந்த பகுதியை அரித்து நீக்குகின்றன. மற்றொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. அரிக்கும் பணி சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் பணிக்கோ ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்.

இங்கேதான் சூட்சுமம் உள்ளது. பாரத்தைத் திடீரெனக் கூட்டிய சில வாரங்களில், எலும்பு முன்னைவிட வலுவாக இருப்பதில்லை. கொத்திவிட்ட சுவர்போல் சற்று வலுக்குன்றியே இருக்கிறது. குருதியும் இதயமும் தசையும் அதற்கு முன்பே பழகிவிடுகின்றன. ஆகவே மூச்சு, "இன்னும் ஓடலாம்" என்கிறது. எலும்போ, "பொறு" என்கிறது. மூச்சின் குரல் உரக்கக் கேட்கிறது. எலும்பின் குரல் வலியாக மாறிய பின்பே நம் காதில் விழுகிறது.

கருவி இல்லாதபோது கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போம் அன்றோ? ஒரு வளைவில் ஒடியாத கம்பி பல வளைவுகளில் அயர்ந்து ஒடிகிறது. பழுதுபார்க்கும் வேகத்தைப் பாரம் முந்திவிட்டால் எலும்பிலும் அத்தகைய நுண்ணிய பிளவு தோன்றும். இதை மருத்துவர் 'ஸ்ட்ரெஸ் பிராக்சர்' என்பர். நாம் 'அயர்வு முறிவு' எனலாம்.

இது புதிய நோயன்று. 1855இல் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட், நெடுநடை சென்ற வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். காரணம் அன்று புலப்படவில்லை. 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. 1897இல் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையால், அது பாத எலும்பின் முறிவே என்பது தெளிவாயிற்று. அன்று படைவீரர்க்கு வந்தது இன்று ஓட்டக்காரர்க்கு, பெரும்பாலும் கணைக்காலின் பெரிய எலும்பில் வருகிறது.

இருவகை வலி

கணைக்கால் வலியெல்லாம் முறிவன்று. எலும்பின் உள்விளிம்பு நெடுக, நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் பரவி வலித்தால், பெரும்பாலும் அது 'ஷின் ஸ்பிளின்ட்' எனப்படும் எளிய நிலை. ஒரே ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும் இடத்தில் சுருக்கென வலித்தால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், அது அயர்வு முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. கவட்டிப் பக்கம் வலி கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. அங்குள்ள தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகினால் அறுவை மருத்துவம் வரை செல்ல நேரும்.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். எனக்கு முதலில் எடுத்த எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மகிழ்ந்து மீண்டும் ஓடினேன். தொடக்க வாரங்களில் இம்முறிவு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. பத்து நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படம்தான் உண்மையைக் காட்டியது. படம் தெளிவாக இருப்பினும் வலி நின்றபாடில்லையெனில், வலியையே நம்புக.

மீளும் முறை

எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். பிப்ரவரி ஓட்டம் அன்றே கைநழுவியது. ஊரில் அப்பா கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். தொலைபேசியில் நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "கால் இருந்தால் ஓட்டம் வரும்ப்பா" என்றார். அவ்வளவே. அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

வலியின்றி நடக்க முடிந்த பின் நடை. பின்னர்ச் சைக்கிளும் நீச்சலும். இவை எலும்பை இடிக்காமல் மூச்சைக் காக்கும். எட்டு வாரம் கழித்து, ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி கண்டால் ஒரு படி இறங்கினேன்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்றொரு விதி வழங்குகிறது. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், அவ்விதிப்படி பயின்றோர்க்கும் மற்றவர்க்கும் காயத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே எண் ஒரு மந்திரமன்று. எனினும் என்னைப்போல் மூன்று வாரத்தில் ஏறத்தாழ இருமடங்காக்குவது அறிவன்று. மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைப்பது என் இன்றைய வழக்கம். கொத்தனாருக்கு நாள் கொடுத்தால்தானே சுவர் எழும்!

உணவும் கருதத்தக்கது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது 2020இல் நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர் வகுத்த அளவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஊரில் நாம் முகஞ்சுளித்த கூழை இங்கே விலைகொடுத்துத் தேடுகிறோம்! ஓடும் அளவுக்கு உண்ணாவிடினும் எலும்பு மெலியும். மாணவியர்க்கு மாதவிலக்கு தவறுவது அதன் அறிகுறியாகலாம். அதை இலேசாக எண்ணலாகாது. வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது வலியை மறைப்பதோடு, உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யக்கூடும்.

முடிவுரை

சென்ற பிப்ரவரியில், ஓட்டநாளன்று வழியோரம் நின்று நம்மவர்க்குத் தண்ணீர் கொடுத்தேன். வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று வலியோடு ஓடியிருந்தால், பிளவு முழு முறிவாகியிருக்கக்கூடும். இப்போது வாரத்துக்கு 20 கி.மீ. ஓடுகிறேன். வரும் பிப்ரவரிக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டுக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.

பயிற்சி என்பது ஓடும் நேரம் மட்டுமன்று. ஓடாத நேரத்தில் உடல் தன்னைக் கட்டிக்கொள்வதும் பயிற்சியே. நண்பர்களே, இன்று மாலை உங்கள் கணைக்காலை ஒருமுறை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் சுருக்கென்றால், நாளைக் காலை காலணியை மாட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். தனியே செல்லத் தயக்கமாயின், சனிக்கிழமை மாலை சங்கக் கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள். உடன் வருகிறேன்.