8,412 பாட்டும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும்



இந்த இதழுக்கு கணினி பற்றி யாராவது எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. பாடப் புத்தகத்துல இருக்கிறதையே திரும்ப எழுதி ஒட்டினா யார் நின்னு படிக்கப் போறாங்க? அதனால கோடை விடுமுறையில எங்க வீட்டுல நடந்ததையே எழுதுறேன். கணக்கும் வரும், கொஞ்சம் அறிவியலும் வரும். பயப்படாதீங்க.

எங்க அப்பா மைக் செட் வெச்சிருக்காங்க. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எல்லாத்துக்கும் குழாய் கட்டுவாங்க. முன்னாடி கேசட், அப்புறம் சிடி. 2009ல ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, இருந்த சிடியை எல்லாம் ஒவ்வொண்ணா அதுல ஏத்தினாங்களாம். அதுக்குள்ள இருந்த ஹார்ட் டிஸ்க் 80 ஜிபி. இந்த வருஷம் பங்குனி மாசத்துல அது "கடக்... கடக்"னு சத்தம் போட ஆரம்பிச்சது. அப்பா வேற ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தாங்க. புதுசுன்னு வீட்டுல சொல்றோம், ஆனா அதுவும் செகண்ட் ஹேண்டுதான். "பாட்டெல்லாம் இதுக்கு மாத்திக் குடு, பத்து நாள்ல மாரியம்மன் கோயில் திருவிழா"ன்னு என்கிட்ட சொல்லிட்டு குழாய் கட்டப் போயிட்டாங்க. கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணாச்சே!

ஹார்ட் டிஸ்க்னா என்ன? பெட்டிக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு வட்டத் தட்டு இருக்கும். அதுமேல காந்தப் பூச்சு. எங்க டிஸ்க்கோட தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுத்தும். 60ஆல வகுத்தா செகண்டுக்கு 120 சுத்து. தட்டைத் தொடாம, மயிரிழையை விடக் குறைஞ்ச இடைவெளியில ஒரு முள் மிதந்துகிட்டே படிக்கும், எழுதும். ரிக்கார்டு பிளேட்டு மாதிரிதான், ஆனா அதுல முள் தொடும், இதுல தொட்டா போச்சு. முள் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம திரும்பத் திரும்பத் தேடும்போதுதான் அந்த "கடக்" சத்தம். அது ஓடும்போது பெட்டியை ஆட்டக்கூடாது. எங்க தம்பி அதுமேல காலை வெச்சு ஏறி கேரம் போர்டு எடுப்பான், அது வேற கதை.

உலகத்துல முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் கம்பெனி 1956ல வெளியிட்டது. 24 அங்குல அகலத்துல 50 தட்டு. பீரோ மாதிரி பெருசு. அவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள 50 லட்சம் எழுத்துதான் அடங்குமாம். எங்க அப்பாவோட ஒரு பாட்டு கூட அதுல முழுசா ஏறாது!

எப்படின்னு கேக்குறீங்களா? கணக்கு போடுவோம். சிடியில ஒலியை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து எழுதுறாங்க. ஒவ்வொரு அளவும் 16 பிட். இடது காது, வலது காது ரெண்டுக்கும் தனித்தனி. 44,100 x 16 x 2 = 14,11,200 பிட். 8 பிட் ஒரு பைட், அதனால 1,76,400 பைட், ஒரே செகண்டுக்கு! 5 நிமிஷப் பாட்டுக்கு (300 செகண்ட்) சுமார் 53 எம்பி. இதை எம்பி3 ஆக்கினா, 128 கேபிபிஎஸ் அளவுல, செகண்டுக்கு 16,000 பைட்தான். அதே பாட்டு 4.8 எம்பி. பதினோரு பங்குல ஒரு பங்கு! ஒரு பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன சத்தம் நம்ம காதுக்குக் கேக்காது. தவில் அடிக்கும்போது பக்கத்துல ஆள் முணுமுணுத்தா கேக்குமா? அந்த மாதிரி கேக்காததை எல்லாம் கழிச்சிடுவாங்க. ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துல இதுக்காக ரொம்ப வருஷம் உழைச்சாங்க. 1995ல ஃபைல் பேருக்குப் பின்னால எம்பி3ன்னு போடலாம்னு முடிவு பண்ணினாங்க.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். டெஸ்க்டாப்புல "பாட்டு"ன்னு ஒரு ஃபோல்டர். அதை காப்பி பண்ணி பென் டிரைவ்ல போட்டேன். கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஆஹா, நான் எவ்வளவு கெட்டிக்காரின்னு நினைச்சு புது கம்ப்யூட்டர்ல திறந்தா ஒண்ணுமே இல்ல! அதோட அளவு 1 கேபி. கீழ்மூலையில குட்டி அம்புக்குறி இருந்ததை நான் கவனிக்கல. அது ஷார்ட்கட். வீட்டைத் தூக்கிட்டு வரதுக்குப் பதிலா வீட்டுக்கு வழி எழுதின சீட்டைத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

உண்மையான ஃபோல்டர் டி டிரைவ்ல இருந்தது. அதுமேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். 8,412 ஃபைல், 39.6 ஜிபி. எங்க பென் டிரைவ் 16 ஜிபின்னு போட்டிருக்கும், ஆனா கம்ப்யூட்டர் 14.9ன்னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தல. கம்பெனி 1 ஜிபின்னா 100 கோடி பைட்னு கணக்கு வைக்கும். விண்டோஸ் 1,024ஐ மூணு தடவை பெருக்கி 107 கோடிக்கு மேலன்னு கணக்கு வைக்கும். 80 ஜிபி டிஸ்க் 74.5 ஆனதும் இதனாலதான்.

பென் டிரைவ்ல மூணு நடை போகணும். எங்க பென் டிரைவ் செகண்டுக்கு 5 எம்பிதான் எழுதும். 40,550 எம்பியை 5ஆல வகுத்தா 8,110 செகண்ட், அதாவது ரெண்டேகால் மணி நேரம். அப்புறம் புது கம்ப்யூட்டர்ல இறக்க அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் நோயாளி டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கணும். டவுன்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட அப்பா கேட்டாங்க. அவர் ஒரு கன்வர்ட்டர் வயர் குடுத்தார். டிஸ்க்கையே கழட்டி இதுல மாட்டி யுஎஸ்பியில சொருகிடு, செகண்டுக்கு 25 எம்பி வரும்னு சொன்னார். கணக்கு போட்டா 27 நிமிஷம்! பழைய ஐடிஇ டிஸ்க்குக்கு 40 ஊசி உள்ள பட்டை வயர். கன்வர்ட்டர்லேயும் அதே. ஊசி வளையாம நேரா சொருகணும். கரண்டுக்குத் தனி அடாப்டர் வேணும், ஏன்னா தட்டைச் சுத்த 12 வோல்ட் வேணும், யுஎஸ்பியில 5 வோல்ட்தான் வரும்.

மாட்டினேன், வந்தது. இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். அப்பா ஒவ்வொரு சிடிக்கும் ஒரு ஃபோல்டர் போட்டிருந்தாங்க. எனக்கு அது அழகா படல. எல்லாப் பாட்டையும் தேடி எடுத்து ஒரே ஃபோல்டர்ல கொட்டினேன். நடுவுல ஏதேதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. படிக்காம எல்லாத்துக்கும் சரி சரின்னு அழுத்திட்டே போனேன். முடிஞ்சதும் எண்ணிப் பார்த்தா 7,905! 507 காணோம்.

எங்க போச்சு? பழைய சிடியில இருந்து ஏத்தும்போது பல பாட்டுக்குப் பேரே வராது. டிராக் 01, டிராக் 02ன்னுதான் இருக்கும். தனித்தனி ஃபோல்டர்ல இருந்த வரைக்கும் சண்டை இல்ல. ஒரே ஃபோல்டருக்கு வந்ததும் ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்க முடியாதே! பழையதை எடுத்துட்டுப் புதுசை வைக்கவான்னு கேட்டிருக்கு, நான் வை வைன்னு சொல்லியிருக்கேன். நல்லவேளை, கட் பண்ணாம காப்பி பண்ணியிருந்தேன். கட் பண்ணியிருந்தா அழிஞ்சது அழிஞ்சதுதான். எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஃபோல்டரை அப்படியே முழுசா மறுபடி காப்பி போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் அகராதி வெச்சுப் படிச்சேன்.

27 நிமிஷம்னு போட்ட கணக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. சின்னச் சின்ன ஃபைலா நிறைய இருந்தா முள் அங்கயும் இங்கயும் ஓடணும். அதோட டிஸ்க்குக்கு உடம்பு வேற சரியில்ல. கடைசியில 8,403. ஒன்பது பாட்டு வரவே இல்ல. "சைக்ளிக் ரிடண்டன்சி செக்"னு ஒரு பிழைச் செய்தி. எழுதும்போதே ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதி வெச்சிருக்கும். படிக்கும்போது கணக்கு பொருந்தலன்னா நான் தர மாட்டேன்னு சொல்லிடும். ரேஷன் கடையில கூட்டுத்தொகை இடிச்சா பில் போட மாட்டாங்கல்ல, அது மாதிரி.

எட்டு பாட்டு சினிமாப் பாட்டு. சிடி பரண்ல இருந்தது. ஒன்பதாவது எங்க அப்பாயி பாடின தாலாட்டு.

2012ல எனக்கு ஒரு வயசு. அப்பா மைக்கைத் தொட்டில் கயித்துல கட்டி, மிக்ஸர் வழியா கம்ப்யூட்டர்ல பதிஞ்சாங்களாம். நடுவுல ஒரு குழந்தை அழுவுற சத்தம் கேக்கும். அது நான்தான். அப்பாயி 2019ல இறந்துட்டாங்க. அவங்க குரல் வேற எதுலேயும் இல்ல. சிடி போட்டு வைக்கணும்னு அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வாங்களாம்.

அப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்குள்ள இன்னொரு பிரச்சினை வேற. அப்பா வெச்சிருந்த கல்யாணம், காதுகுத்து, சாமி ஊர்வலம்னு வரிசைப் பட்டியல் எதுவும் ஓடல. பாட்டு எங்க இருக்குன்னு முழு வழியையும் பட்டியல் எழுதி வெச்சிருக்கும். பழசுல டி டிரைவ், புதுசுல இ டிரைவ். பட்டியலை நோட்பேடுல திறந்து, ரீப்ளேஸ் போட்டு டி இருந்த இடத்துல எல்லாம் இ மாத்தினதும் ஓடிடுச்சு. திருவிழா நல்லா நடந்தது. சாமி புறப்படும்போது சரியான பாட்டு வந்தது. எனக்குத்தான் மனசு அதுல இல்ல.

திருவிழா முடிஞ்ச மறுநாள் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "காப்பிதானே ஆகல? பாடுமா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தோணாத கேள்வி! அப்பாவுக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது, வயர் தெரியும். டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே மாட்டினோம். பழைய பெட்டியோட பச்சை ஓட்டையில இருந்து புதுசோட நீல ஓட்டைக்கு ஒரு வயர். பச்சை ஒலி வெளியே வர்ற வழி, நீலம் உள்ளே போற வழி. புதுசுல ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள் போட்டு பதிவை ஓடவிட்டுட்டு, பழசுல பாட்டைத் தட்டினோம். ஃபேனை நிறுத்திட்டு மூணு பேரும் அசையாம உக்காந்திருந்தோம். வயர்ல பதியிறதுக்கும் ஃபேன் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல, இருந்தாலும் நிறுத்தினோம்.

பாடிச்சு. ரெண்டு நிமிஷம் போனதும் "கடக்"னு நின்னுடுச்சு. அப்பா கோட்டைப் பிடிச்சுக் கொஞ்சம் தள்ளி விட்டாங்க. மறுபடி பாடிச்சு, கடைசி வரைக்கும். ரெண்டு துண்டையும் ஒட்டினேன். நடுவுல சுமார் 6 செகண்ட் இல்ல. செகண்டுக்கு 16,000 பைட், 6 செகண்டுக்கு 96,000. டிஸ்க்ல ஒரு செக்டார் 512 பைட். வகுத்தா 188 செக்டார் கெட்டுப்போச்சு. கடுகளவு இடம் கூட இருக்காது.

இப்போ அந்தப் பாட்டு நாலு இடத்துல இருக்கு: புது கம்ப்யூட்டர், பென் டிரைவ், அக்கா போன், ஒரு சிடி.

அந்த 6 செகண்ட் சொந்தக்காரங்களை வரிசையா சொல்ற இடம். ஒருத்தர் விழுந்துட்டாங்க. அது யாருன்னு வீட்டுல கேட்டேன். அப்பா, சித்தப்பாதான்னு சொல்றாங்க. அத்தை, "எங்க அம்மா என்னையத்தான் சொல்லுச்சு, நான் பக்கத்துலயே நின்னேன்"னு சொல்றாங்க. ரெண்டு பேர் பாடினதையும் தனித்தனியா பதிஞ்சு, அத்தை 01, அப்பா 01ன்னு பேர் வெச்சிருக்கேன். இன்னும் எதையும் ஒட்டல.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி