ஆற்றலும் ஆயுளும்

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் என் தாய்மாமன் தம் பழைய காருக்கு வேகம் கூட்ட விரும்பினார். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைப் பட்டறையில் கொடுத்துச் சீவி, அழுத்த விகிதத்தை உயர்த்தினார். சில வாரங்கள் வண்டி பறந்தது. மேடு ஏறும்போது மட்டும் ‘டக டக’ என்றோர் ஓசை எழும். அதை வீரியத்தின் அடையாளம் என்றே எண்ணி மகிழ்ந்தோம். ஒரு நாள் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்து வண்டி நின்றது. அதன் காரணத்தைத் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

அந்த ஓசைக்கு ‘நாக்கிங்’ என்று பெயர். ஸ்பார்க் பிளக்கில் தோன்றிய சுடர் பரவி முடிவதற்குள், மிகுந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் எஞ்சிய பெட்ரோல் கலவை தானே வெடிக்கிறது. இது தொடர்ந்தால் அலுமினியப் பிஸ்டன் அளவு மீறிச் சூடேறிச் சிதையும். ஆகவே, அழுத்த விகிதத்தை உயர்த்துவோர் அதற்கேற்ற ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலையும், தீப்பொறி எழும் நேரத்தையும், குளிர்விக்கும் வசதியையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும்.

ஆற்றலைக் கூட்ட மற்றொரு வழி, சுழற்சி வேகத்தைக் கூட்டுவது. அதற்கும் விலை உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளரும். நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் 9000 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், விசையோ 2.25 மடங்கு!

இவ்விலையைக் கணக்கிட்டுக் கட்டியதற்குச் சான்று, ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1999-இல் வெளியிட்ட எஸ்2000 காரின் எஞ்சின். அதன் கொள்ளளவு 1997 கன செ.மீ. டர்போ இல்லாமலேயே, ஜப்பானில் விற்ற வண்டியில் 250 மெட்ரிக் குதிரைத்திறன் தந்தது. பிஸ்டனின் வீச்சு 84 மி.மீ.; ஆகவே ஒரு சுற்றில் அது 168 மி.மீ. ஓடுகிறது. உச்சமான 9000 சுற்றில், அதாவது நொடிக்கு 150 சுற்றில், அதன் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். அதைத் தாங்கவே பிஸ்டன்களை வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கினர். தெருவில் நிதானமாகச் செல்ல ஒருவகைக் கேம், விரைவுக்கு வேறொரு வகைக் கேம் என அமைத்தனர். ஏறத்தாழ 6000 சுற்றில் எண்ணெயின் அழுத்தமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும்.

மாமா ஒன்றை உயர்த்தினார். அதைத் தாங்க வேண்டியவற்றை மறந்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எஞ்சினுக்கும் பொருந்தும். இப்போது அவர் வேறு ஹெட்டும் புதிய பிஸ்டனும் மாற்றி நிதானமாக ஓட்டுகிறார். ஓட்டை விழுந்த பிஸ்டன் என் மேசைமேல் இருக்கிறது. இயற்பியலில் இருமடி என்ற சொல் வரும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.