வலிக்காத தேமல்

பேத்தமங்களா ஏரிக்கரைப் பக்கம் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் விடியும் முன்பே எழுந்து பஸ் ஏறுவார். பிறகு ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போவார். 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் பலருக்கும் இதுதான் பிழைப்பு. மனைவி தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒரு நாள் கைக்கு எண்ணெய் தடவும்போது அந்த அம்மா ஒன்றைப் பார்த்தார். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தது. சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. அரிப்பு இல்லை. வலி இல்லை.

மாமியாரிடம் காட்டினார்.

"அத்தை, இது என்னன்னு பாருங்க."

"வெயில்ல நிக்கிற உடம்பு. தேமல் வராம என்ன செய்யும்? குப்பைமேனி அரைச்சுப் பூசு, போயிடும்."

பூசினார். இரண்டு மாதம் ஆயிற்று. தேமல் போகவில்லை. கொஞ்சம் பெரிதாகவும் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? அந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வலிக்காத ஒன்றுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

மனதின் ஓரத்தில் இன்னொரு பயமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'அந்த' நோயாக இருந்துவிட்டால்? ஊர் என்ன பேசும்? கணவர் என்ன சொல்வார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளுக்கு வடை சுட்டார். எண்ணெய் தெறித்துக் கையில் மூன்று இடத்தில் பட்டது. இரண்டு இடத்தில் சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு தண்ணீரில் வைத்தார். மூன்றாவது துளி தேமலின் மேல் பட்டிருந்தது. அது பட்டதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் அங்கேயும் ஒரு கொப்புளம்.

அப்போதுதான் அவருக்குத் திக் என்றது.

தோலில் வரும் வெளுப்பு எல்லாம் ஒன்று அல்ல. சாதாரணத் தேமல் அரிக்கலாம். சொறிந்தால் பொடி பொடியாக உதிரும். வெண்புள்ளி என்பது வேறு. அது பால் போல வெள்ளையாக இருக்கும். அந்த இடத்து முடியும் வெளுக்கலாம். வெண்குஷ்டம் என்று பலர் சொல்வதால் அதைக் குஷ்டம் என்றே நினைக்கிறார்கள். அது தவறு. வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒட்டாது. இந்த இரண்டிலும் தொட்டால் உணர்ச்சி தெரியும்.

தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், அல்லது இல்லாமலே போகும். நிறம் வெளுத்தோ லேசாகச் சிவந்தோ இருக்கும். அந்த இடத்தில் முடி உதிரலாம். வியர்வை வராமல் இருக்கலாம். ஆனால் முகத்தில் வரும் தேமலில் உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம். சிலருக்குத் தேமலே வராது. காது மடல் தடிக்கும், கை கால் மரத்துப் போகும், அல்லது நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவும். ஆகவே வீட்டிலேயே பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது.

இது எதனால் வருகிறது? பாவத்தால் அல்ல. சாபத்தால் அல்ல. பரம்பரையாகவும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருகிறது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது மெதுவாக வளரும். உடம்பில் புகுந்து பல வருடம் கழித்துத்தான் அடையாளம் காட்டும். மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால் ஒட்டலாம். அப்படியும் பெரும்பாலோருக்கு வராது. அதை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் என்ன ஆகும்? இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பால் பிராண்ட் என்ற மருத்துவர். அவர் வெள்ளைக்காரர். ஆனாலும் 1914-இல் நம் கொல்லிமலையில்தான் பிறந்தார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். பேத்தமங்களா ஏரிக்கு வரும் பாலாறுதான் கீழே வேலூர் வழியாகவும் போகிறது.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் அதை நம்பவில்லை. ஒரு நாள் ஒரு துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலில் ரத்தம் வந்தது. சாவி தோலைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நோயாளிகள் சிலர் காலையில் எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருக்கும். இரவில் காவல் இருந்து பார்த்தார்கள். தூங்கும்போது எலி கடித்துத் தின்றிருந்தது! வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். மருந்து மாத்திரையைவிட அந்த நேரத்தில் பூனைதான் விரலைக் காப்பாற்றியது.

பிராண்டுக்கே ஒரு முறை இந்தப் பயம் வந்தது. நீண்ட பயணம் முடித்து லண்டனில் ஓர் அறையில் தங்கினார். காலுறையைக் கழற்றினால் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். "ஆ!" என்று அலறினார். ரயிலில் கோணலாக வெகுநேரம் உட்கார்ந்ததால் நரம்பு அமுங்கி மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று வலித்ததற்காக அவர் பெரிதும் மகிழ்ந்தார். மருத்துவருக்கே இப்படிப் பயம் வரும் என்றால், தக்காளித் தோட்டத்து அம்மா இரண்டு மாதம் பேசாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

அந்த அம்மா ஆஷா அக்காவிடம் சொன்னார். அக்கா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் கையில் அங்கங்கே லேசாகத் தொட்டார்.

"தொட்ட இடத்தை விரலால காட்டும்மா."

நல்ல தோலில் தொட்டபோது சரியாகக் காட்டினார். தேமலில் தொட்டபோது கை அசையவில்லை.

(இப்படித் தொட்டுப் பார்க்க பேனாவோ பஞ்சோ போதும். ஊசி, கொள்ளி, சூடான கரண்டி எதுவும் வேண்டாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் ஆறுவது கடினம்.)

மறுநாள் இருவரும் சர்க்காரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் உடம்பு முழுக்கத் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். தொழுநோயின் ஆரம்பம்தான் என்றார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். நோய் அதிகம் பரவியிருந்தால் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். எல்லாம் இலவசம். மாதத்துக்கு ஓர் அட்டை. மாதத்தின் முதல் வேளையை ஆஸ்பத்திரி ஊழியர் முன்னால் சாப்பிட வேண்டும். மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே நோய் மற்றவருக்கு ஒட்டாது. தனியே படுக்கத் தேவையில்லை. தட்டைத் தனியே வைக்கவும் தேவையில்லை.

டாக்டர் இன்னும் சிலவற்றை முன்கூட்டியே சொன்னார். அதுதான் நல்லது. சொல்லாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவார்கள். முதல் வேளை மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் அல்ல. மாத்திரையால் தோல் கறுக்கவும் செய்யலாம். நிறுத்திய சில மாதங்களில் அது மாறும். நடுவில் தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, காத்திருக்கக் கூடாது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தாமதித்தால் விரல் மடங்கிப் போகலாம். கெட்ட நரம்பு பிறகு முழுதாகத் திரும்பி வருவது கடினம். அதனால்தான் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும்போதே வருவது நல்லது.

"எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுடுவாரா, மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க 1898-இல் வெள்ளைக்காரர் ஒரு சட்டம் போட்டார்கள். 2016-இல் அதை நாடாளுமன்றம் நீக்கியது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்பதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. 2019-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது. ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை என்பதும் உண்மைதான்.

அன்று இரவு அவர் கணவரிடம் சொன்னார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நாலு மணிக்குக் கிளம்பிடறேன். மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவாங்க?" என்றார். "நான்தான் படிக்கிறேனே, அட்டையில எழுதி இருக்கறதை" என்றாள் மூத்த பெண்.

அடுத்த வாரம் ஆஷா அக்கா வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வந்தார். நோயாளியின் வீட்டில் இது வழக்கம். பிள்ளைகளின் முதுகையும் கையையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடைசியாக மாமியார் முறை.

"எனக்குத் தேமலும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டு பாதமும்தான் மரத்துக் கிடக்கு. நாலு வருஷமா."

"நாலு வருஷமா? யாருகிட்டயாவது காட்டினீங்களா, பாட்டி?"

"வலிக்கலையே, எதுக்குக் காட்டணும்?"

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். கால் மரத்துப் போவது தொழுநோயால் மட்டும் வருவதில்லை. சர்க்கரை நோயாலும் வரும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதிக்க ஆஷா அக்கா சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"இன்னொரு நாள் கூலி போகுது" என்று மாமியார் முணுமுணுத்தார்.

"போகட்டும், அத்தை. செருப்பைப் போடுங்க, போலாம்" என்றார் மருமகள்.