கண்ணில் வைத்த ஃபோகஸ் கம்மலில் போய் நின்றது ஏன்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் முதல் வேலை, கேமராவிலும் செல்போனிலும் இருக்கும் போட்டோக்களை அதில் ஏற்றிப் பெரிதாகப் பார்ப்பதுதான். அப்படிப் பார்க்கும்போது சிலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று இருந்த முகம் மானிட்டரில் மங்கலாகத் தெரியும். கை ஆடிவிட்டது, கேமரா சரியில்லை, லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இது எதுவுமே இல்லாமல் லென்ஸின் பிறவிக் குணத்தாலும் இப்படி ஆகலாம். அதற்கு ஃபோகஸ் ஷிஃப்ட் என்று பெயர். இதை வீட்டுக் கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா நெய்வேலியில் வேலை பார்த்தவர். அங்கே முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிக்காக ரஷ்யா போய் வந்தபோது அவர் ஒரு ஜோர்க்கி கேமரா வாங்கி வந்தார். ஜோர்க்கி என்றால் ரஷ்ய மொழியில் கூர்மையான பார்வை உடையது என்று அர்த்தம். அதில் இருந்தது ஜூபிடர்-3 என்ற 50 மி.மீ. லென்ஸ். முன்பக்க வளையத்தில் 1:1,5 என்று பொறித்திருக்கும். ரஷ்யர்கள் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். அதாவது எஃப் 1.5. இருட்டிலும் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கக்கூடிய லென்ஸ்.

பெரியப்பாவுக்குப் பிறகு கேமரா மேச்சேரியில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. ஒரு அடாப்டர் வாங்கி, அந்த லென்ஸை என்னுடைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டினேன். எங்கள் ஊர் என்றாலே பத்ரகாளியம்மன் கோயிலும் செம்மறி ஆடும்தான். மேச்சேரி ஆடு என்று தனி இனமே உண்டு. கம்பளி போல் ரோமம் இல்லாமல், செம்பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் கொம்பில்லாமல் இருக்கும். பக்கத்துப் பொட்டனேரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆயா அப்படி ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முகம் லேசாகத் திரும்பியிருந்தது. லென்ஸை முழுசாகத் திறந்து, கண்ணில் ஃபோகஸ் வைத்து, பிறகு எஃப் 2.8-க்குத் திருப்பிக் கிளிக் செய்தேன்.

கம்ப்யூட்டரில் பார்த்தால் கண் மங்கல். அதற்கு இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இருந்த கம்மல் கல்லோ ஒவ்வொரு பட்டையும் எண்ணும்படி துல்லியம்! அடாப்டரில்தான் கோளாறு என்று இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. ஒரு கடையில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்து ‘அட்ஜஸ்ட்’ பண்ண வேண்டும் என்றார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை.

லென்ஸுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்ன சோதனை. இரவில் சுவருக்கு எதிரே, அறையின் மறுபக்கம் ஒரு பல்ப் எரியட்டும். புத்தகம் படிக்கும் பூதக்கண்ணாடியைச் சுவருக்கு முன்னால் பிடித்து, பல்பின் பிம்பம் தெளிவாக விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போது ஒரு கறுப்பு அட்டையில் பத்து பைசா அளவு ஓட்டை போட்டு, அதைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டவைத்துப் பிடியுங்கள். பிம்பம் மிகத் தெளிவாக வர, கண்ணாடியைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

காரணம் இதுதான். கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளிக்கதிர்கள் அதிகமாக வளைந்து கண்ணாடிக்கு அருகிலேயே கூடிவிடுகின்றன. நடுப்பகுதி வழியாக வருபவை சற்றுத் தள்ளிக் கூடுகின்றன. அட்டை ஓரக் கதிர்களை மறைத்துவிட்டதால் மிச்சமுள்ள நடுக் கதிர்களின் இடமே ஃபோகஸ் ஆகிவிட்டது. இந்தக் குறைக்கு கோளப் பிறழ்ச்சி என்று பெயர்.

கேமராவில் அட்டையின் வேலையைச் செய்வது அப்பர்ச்சர் இதழ்கள். எஃப் 1.5-இல் லென்ஸ் முழுவதும் திறந்திருக்கும். 2.8-க்குத் திருப்பினால் ஓரம் மறைக்கப்படும். கண்ணிலிருந்து வரும் கதிர்கள் இப்போது சென்சாருக்குச் சற்றுப் பின்னால் போய்க் கூடும். சென்சார் நகராதே! ஆகவே, கண்ணைவிடக் கொஞ்சம் தூரத்தில் உள்ள பொருள்தான் சென்சார் மேல் சரியாக விழும். எங்கள் ஆயா விஷயத்தில் அது கம்மல்.

அப்படியானால் எல்லா அப்பர்ச்சரிலும் படம் கெட வேண்டுமே என்று கேட்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில், 50 மி.மீ. லென்ஸில், எஃப் 1.5 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே மூன்றரை சென்டிமீட்டர்தான். எஃப் 8-இல் அது சுமார் 19 சென்டிமீட்டர். அதாவது ஷிஃப்ட் அப்போதும் இருக்கிறது, ஆனால் ஆழம் அதை விழுங்கிவிடுகிறது. தொல்லை கொடுப்பது நடுவில் உள்ள எஃப் 2, 2.8, 4 ஆகியவைதான். முகம் எடுக்க நாம் ஆசைப்படுவதும் அவற்றைத்தான்.

ரேஞ்ச்ஃபைண்டரில் ஏன் அதிகத் தொல்லை?

ஜோர்க்கி, லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதில் ஒரே காட்சி இரண்டு பிம்பமாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆயிற்று. லென்ஸோடு ஒரு நெம்புகோல்தான் இதை இணைக்கிறது. அது தூரத்தை மட்டுமே அளக்கும். நீங்கள் எந்த அப்பர்ச்சர் வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே, லென்ஸ் செய்பவர் ஏதாவது ஓர் அப்பர்ச்சருக்குப் பொருந்தும்படிதான் அதை அமைக்க முடியும்.

ஜூபிடர்-3 என்பது ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்ட்டெலே 1930-களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக வடிவமைத்த சோனார் லென்ஸின் வழியில் வந்தது. கண்ணாடிகளை ஒட்டவைத்து மூன்றே தொகுதிகளாக்கியதால் உள்ளே ஒளி சிதறுவது குறைவு. மேற்பூச்சு இல்லாத அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அதற்குக் கொடுத்த விலைதான் கோளப் பிறழ்ச்சி. இதே வடிவத்தை சைஸ் நிறுவனம் 2000-களில் சி சோனார் 50 மி.மீ. எஃப் 1.5 என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. முதலில் வந்தவற்றில் ரேஞ்ச்ஃபைண்டரை எஃப் 2.8-க்குப் பொருத்தியிருந்தார்கள். அதனால் 1.5-இல் எடுத்தால் ஃபோகஸ் முன்பக்கம் விழுந்தது. புகார்கள் வர, பிறகு 1.5-க்கே பொருத்திக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த லைக்காவும் இதற்கு விலக்கல்ல. 2006-இல் தன் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எம்8-ஐ வெளியிட்ட பிறகுதான் 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஷிஃப்ட் பெரும் பேச்சாயிற்று. 2010-இல், உள்ளே தனியாக நகரும் கண்ணாடிகளோடு புதிய லென்ஸை வெளியிட்டு அதைக் குறைத்தார்கள்.

அதுவரை ஏன் இவ்வளவு பேச்சு இல்லை? கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான். பெரியப்பா காலத்தில், ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமில் எடுத்துப் போஸ்ட்கார்டு அளவில் பிரின்ட் போட்டால் இரண்டு சென்டிமீட்டர் விலகலை யார் பார்த்தார்கள்?

சோதனைத் தாள் தயாரிப்போம்

மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து, ஒரு வரிக்கு ஒன்றாக ‘பின் 10’, ‘பின் 9’ என்று ‘பின் 1’ வரை டைப் செய்யுங்கள். அடுத்த வரியில் 0. அதற்குக் கீழே ‘முன் 1’ முதல் ‘முன் 10’ வரை. மொத்தம் 21 வரிகள். கன்ட்ரோல் கீயோடு ஏ எழுத்தைத் தட்டி எல்லாவற்றையும் தேர்வு செய்து, பாராகிராஃப் டயலாக் பாக்ஸில் லைன் ஸ்பேசிங் என்ற இடத்தில் எக்ஸாக்ட்லி என்பதைத் தேர்ந்தெடுத்து 28.3 என்று கொடுங்கள். அங்கேயே ஸ்பேசிங் பிஃபோர், ஆஃப்டர் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டுத் தாள் நீளமாகிவிட்டதே என்று முழிப்பார்கள். பூஜ்ய வரியை மட்டும் போல்டு ஆக்குங்கள். பிரின்ட் எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் 1 செ.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும்.

தாளை அட்டையில் ஒட்டி, தலைப்பக்கம் உங்களிடமிருந்து விலகும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, லென்ஸ் பூஜ்ய வரிக்கு நேராக, சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பழைய லென்ஸ் என்றால் கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி அனுமதி தர வேண்டியிருக்கும். எஃப் 1.5-இல், திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பூஜ்யத்தில் ஃபோகஸ் வையுங்கள். அதன் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது. 2 விநாடி டைமர் வைத்து 1.5, 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக எடுங்கள். ஜூபிடரில் அப்பர்ச்சர் வளையம் கிளிக் சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும். அதைத் திருப்பும்போதே பக்கத்து வளையமும் திரும்பிவிடும், ஜாக்கிரதை. நான் இரண்டு முறை இப்படிக் கெடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றியவுடன் முதல் வேலை பெயர் மாற்றுவது. புதிய லென்ஸ்கள் தம் அப்பர்ச்சரைப் போட்டோவுக்குள்ளேயே பதிவு செய்துவிடும். ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் எஃப்-ஸ்டாப் வரியில் அது தெரியும். பழைய லென்ஸில் மின் இணைப்பு கிடையாது. அந்த வரி காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். ஆகவே ஃபைலைத் தேர்வு செய்து எஃப்2 கீயைத் தட்டி, ‘சோதனை-15’, ‘சோதனை-20’, ‘சோதனை-28’ என்று பெயர் கொடுங்கள். பெயரில் புள்ளி வைக்காதீர்கள். புள்ளிக்குப் பின் வருவதை ஃபைல் வகை என்று எடுத்துக்கொண்டு புதியவர்கள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 100 சதவிகிதத்தில் பாருங்கள். இது முக்கியம். 24 மெகாபிக்சல் படத்தில் 6000-க்கு 4000 புள்ளிகள். 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள மானிட்டரில் படத்தை முழுதாகப் பொருத்தினால் கம்ப்யூட்டர் அதைச் சுருக்கி, சுமார் 14-இல் ஒரு பங்கு புள்ளிகளை மட்டுமே காட்டும். சுருக்கிய படம் எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபாஸ்ட்ஸ்டோன் இமேஜ் வியூவர் இந்த வேலைக்கு வசதியானது. நான்கு படங்கள் வரை தேர்வு செய்து கம்பேர் கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பெரிதாக்கி எந்த வரியின் எழுத்து மிகக் கூர்மையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாள் சாய்ந்திருப்பதால் வரி எண்ணை 0.7-ஆல் பெருக்கினால் உண்மையான விலகல் கிடைக்கும்.

என் ஜூபிடரில் 1.5-க்கு பூஜ்யம். 2-க்கு ‘பின் 2’. 2.8-க்கு ‘பின் 3’, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர். 4-இல் பூஜ்யம் தெளிவின் ஓரத்தில் தட்டுத்தடுமாறி நின்றது. 5.6-இல் கவலையே இல்லை. ஆயாவின் கண்ணுக்கும் கம்மலுக்கும் நடுவில் இருந்த தூரமும் அதே 2 சென்டிமீட்டர்தானே! இரண்டாவது அடாப்டருக்குக் கொடுத்த பணம் தண்டம் என்று அன்றுதான் புரிந்தது.

என்ன செய்யலாம்?

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மிகச் சுலபம். எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்யுங்கள். திரை கொஞ்சம் இருட்டாகத் தெரியும், வெளிச்சக் குறைவில் புள்ளி புள்ளியாகவும் தெரியும். ஆனால் சென்சாருக்கு என்ன தெரிகிறதோ அதையே நீங்களும் பார்க்கிறீர்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரிலேயே எடுப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. முழுத் திறப்பிலோ 5.6-க்கு மேலோ மட்டும் எடுப்பது ஒரு வழி. நடுவில்தான் வேண்டும் என்றால், ஃபோகஸ் வைத்த பிறகு உடம்பை அந்த இரண்டு சென்டிமீட்டர் பின்னால் சாய்த்து எடுக்க வேண்டும். இது 1.5-க்குப் பொருத்தப்பட்ட லென்ஸுக்கு. 2.8-க்குப் பொருத்திய லென்ஸை 1.5-இல் பயன்படுத்தினால் முன்னால் சாய வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் பழகியவர்கள் இப்படித்தான் எடுக்கிறார்கள். எஸ்எல்ஆர் கேமராவிலும் ஃபோகஸ் செய்வது முழுத் திறப்பில்தான் என்பதால், எஃப் 1.2, 1.4 லென்ஸ் வைத்திருப்பவர்களும் இந்தத் தாளைப் பிரின்ட் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். செல்போனில் பெரும்பாலும் அப்பர்ச்சர் மாறுவதே இல்லை என்பதால் இந்தப் பிரச்சினை கிடையாது.

ஆயாவை மறுபடி அதே லென்ஸில் எடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்த தை மாதத்துக்குள் போய்விட்டார். மாலை போடுவதற்காக அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட ஸ்டுடியோவில் கேட்டபோது, 12-க்கு 18 அங்குலத்தில் கண் மங்கல் பளிச்சென்று தெரிந்தது. ஷார்ப்பன் வசதியை எவ்வளவு ஏற்றினாலும் ஃபோகஸில் இல்லாத கண்ணில் விவரம் வராது, ஓரங்கள்தான் வெள்ளையாகப் பிசிறடிக்கும். கடைசியில் 4-க்கு 6 அங்குலத்திலேயே போட்டோம். அந்த அளவுக்குச் சுமார் 20 லட்சம் புள்ளிகள் போதும், மீதி எல்லாம் சுருங்கிவிடும். அதில் கண்ணும் தெளிவாக இருக்கிறது, கம்மலும் மின்னுகிறது, மடியில் ஆட்டுக்குட்டியும் இருக்கிறது.