தண்டில் கப்பியை நிலைப்படுத்தும் சாய்வுச் சாவி

க.பொ.த. சாதாரண தரம் – வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்

• சாய்வுச் சாவியின் வடிவத்தை வரைந்து பெயரிடுவீர்கள்.
• அது தானாகக் கழன்று வராமைக்கான காரணத்தை விளக்குவீர்கள்.
• சமாந்தரச் சாவிக்கும் சாய்வுச் சாவிக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கூறுவீர்கள்.
• சாவியைப் பொருத்தும், கழற்றும் முறைகளையும் பாதுகாப்பு நடவடிக்கைகளையும் விவரிப்பீர்கள்.

1. அறிமுகம்

புத்தளம் மாவட்டக் கரையோரமாக வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் வரை பயணம் செய்யும்போது தென்னந்தோட்டங்களுக்கு நடுவே தும்பு ஆலைகளைக் காணலாம். குருணாகல், கம்பஹா மாவட்டங்களுடன் சேர்ந்து "தென்னை முக்கோணம்" எனப்படும் பிரதேசம் இதுவாகும். இம்மாவட்டத்தின் லுணுவிலவிலேயே தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் அமைந்துள்ளது.

இவ்வாலைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இயந்திரம் ஆணிகள் பதித்த இரு சுழலும் உருளைகளைக் கொண்டது. நீரில் ஊறிய மட்டையைத் தொழிலாளி முதலாம் உருளையின் மீது அழுத்தும்போது மட்டை உடைந்து பிரியும். இரண்டாம் உருளை அதனைச் சீவிச் சுத்தம் செய்யும். கையில் எஞ்சுவது நீண்ட தூரிகைத் தும்பு. கீழே விழுவது குறுகிய மெத்தைத் தும்பு. இலங்கைக்கு வெளியேயும் இவ்வகை இயந்திரம் "சிலோன் உருளை" எனும் பெயராலேயே அறியப்படுகின்றது.

இவ்வியந்திரத்தில் வலு செல்லும் பாதையைக் கவனியுங்கள். மோட்டரிலிருந்து வார்ப்பட்டிக்கும், வார்ப்பட்டியிலிருந்து கப்பிக்கும், கப்பியிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து உருளைக்கும் வலு செல்கின்றது. மட்டை உருளையில் படும் ஒவ்வொரு தடவையும் சுமை திடீரெனக் கூடுகின்றது. கப்பியின் துளையினுள் தண்டைச் செருகியது மட்டுமே பொருத்தமாக இருந்தால், அக்கணத்தில் தண்டு நிற்கக் கப்பி மட்டும் வழுக்கிச் சுழலும். அவ்வாறு நிகழாமல் இரண்டையும் ஒன்றாகச் சுழலச் செய்வது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருக்குத் துண்டு ஆகும். அதுவே சாவி. வேலைத்தலங்களில் இதனைக் "கீ" என்றே அழைப்பர்.

2. சாவியும் சாவித் தவாளிப்பும்

சுழலும் தண்டையும் அதன்மீது ஏற்றப்பட்ட கப்பி, பற்சில்லு, பறப்புச் சில்லு போன்றவற்றையும் ஒன்றாகச் சுழலுமாறு இணைக்கும், கழற்றி மாட்டக்கூடிய உருக்குத் துண்டு சாவி எனப்படும். இது அமர்வதற்காகத் தண்டிலும் சில்லின் குடத்திலும் வெட்டப்படும் நீண்ட பள்ளம் சாவித் தவாளிப்பு எனப்படும். குடம் என்பது சில்லின் நடுவில் தண்டு நுழையும் தடித்த பகுதியாகும்.

சாவிகளுள் முக்கியமானவை சமாந்தரச் சாவி, சாய்வுச் சாவி, அரைவட்டச் சாவி, சேணச் சாவி என்பனவாகும். இப்பாடத்தில் சாய்வுச் சாவியை விரிவாகக் கற்போம்.

3. சாய்வுச் சாவியின் வடிவம்

சாய்வுச் சாவியின் அகலம் நீளம் முழுவதும் ஒரே அளவானது. அடிப்பக்கம் தண்டின் அச்சுக்குச் சமாந்தரமானது. மேற்பக்கம் மட்டுமே சாய்வானது. மெற்றிக் முறையில் இச்சாய்வு 1 : 100 ஆகும். அதாவது 100 மி.மீ. நீளத்துக்குத் தடிப்பு 1 மி.மீ. குறைகின்றது. அங்குல அளவில் அமைந்த சில இயந்திரங்களில் ஓர் அடிக்கு எட்டிலொரு அங்குலம், அதாவது 1 : 96 எனும் சாய்வும் உண்டு. ஆகவே பழைய இயந்திரத்துக்குப் புதிய சாவி செய்வதற்கு முன் பழைய சாவியை அளத்தல் வேண்டும்.

60 மி.மீ. நீளமான சாவியின் தடித்த முனை 8.0 மி.மீ. எனின், மெல்லிய முனை 7.4 மி.மீ. மட்டுமே. இந்த 0.6 மி.மீ. வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வேணியர் இடுக்கியால் இரு முனைகளையும் அளந்தே அறிய வேண்டும். பாடநூல் வரிப்படங்களில் விளங்குவதற்காகச் சாய்வு மிகைப்படுத்தி வரையப்படுகின்றது.

தண்டிலுள்ள தவாளிப்பின் அடி சாய்வற்றது. குடத்திலுள்ள தவாளிப்பே சாவியின் சாய்வுக்கு ஏற்பச் சாய்வாக வெட்டப்படும். சாவி நுழையும் பக்கத்தில் அது ஆழமாகவும் மறுபக்கத்தில் ஆழம் குறைந்தும் இருக்கும்.

தண்டின் விட்டத்துக்கு ஏற்பச் சாவியின் நியம அளவுகள் (அகலம் × தடிப்பு):

• 22 மி.மீ. க்கு மேல் 30 மி.மீ. வரை – 8 × 7 மி.மீ.
• 30 மி.மீ. க்கு மேல் 38 மி.மீ. வரை – 10 × 8 மி.மீ.
• 38 மி.மீ. க்கு மேல் 44 மி.மீ. வரை – 12 × 8 மி.மீ.
• 44 மி.மீ. க்கு மேல் 50 மி.மீ. வரை – 14 × 9 மி.மீ.

இவற்றை மனனம் செய்யத் தேவையில்லை. அகலம் தண்டின் விட்டத்தின் ஏறத்தாழ நாலிலொரு பங்கு என்பதை நினைவில் வைத்திருந்தால் போதுமானது.

4. சாவி தானாகக் கழன்று வராதது ஏன்?

சாய்வுச் சாவி உண்மையில் ஓர் ஆப்பு ஆகும். விறகு பிளக்கும்போது ஆப்பை அடித்து இறக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாவியைச் சுத்தியலால் அடித்து 5 மி.மீ. உட்செலுத்தினால் தடிப்பு 5 ÷ 100 = 0.05 மி.மீ. மட்டுமே கூடுகின்றது. நீண்ட தூர அசைவு மிகச் சிறிய உயர்வாக மாறுவதால், சிறு அடியும் தண்டுக்கும் குடத்துக்கும் இடையே பெரும் அழுத்தும் விசையை உண்டாக்குகின்றது.

அடிப்பதை நிறுத்தியதும் சாவி ஏன் பின்வாங்குவதில்லை? சாய்வு அதனை வெளியே தள்ள முயல்கின்றது. உராய்வு அதனைத் தடுக்கின்றது. சாய்வின் அளவு 0.01. எண்ணெய் பூசிய உலோகப் பரப்புகளுக்கு இடையிலும் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1 ஆகும். தடுக்கும் காரணி தள்ளும் காரணியைப் போல் பத்து மடங்கு என்பதால் சாவி தன்னைத்தானே பூட்டிக்கொள்கின்றது. சாய்வை அதிகரித்துச் செய்தால் இப்பூட்டல் இழக்கப்படும்.

5. சமாந்தரச் சாவியுடன் ஒப்பிடுதல்

பரீட்சையில் அடிக்கடி வினவப்படும் பகுதி இதுவாகும்.

சாய்வுச் சாவி
• மேற்பக்கமும் அடிப்பக்கமும் இறுக்கமானவை. பக்கவாட்டில் சிறு இடைவெளி உண்டு.
• உராய்வினாலும் சாவியின் வலிமையாலும் முறுக்கத்தைக் கடத்துகின்றது.
• சில்லு தண்டின் வழியே நகர்வதையும் தடுக்கின்றது.
• குடத்தை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் மையம் சற்று விலகுகின்றது.
• குறைந்த வேகமும் அதிர்ச்சிச் சுமையும் உள்ள இடங்களுக்கு ஏற்றது.

சமாந்தரச் சாவி
• பக்கங்கள் இறுக்கமானவை. மேலே சிறு இடைவெளி உண்டு.
• பக்கங்களின் வழியே முறுக்கத்தைக் கடத்துகின்றது.
• சில்லு நகராதிருக்கத் திருகாணி அல்லது வேறு தடுப்பு தேவை.
• மையம் விலகுவதில்லை.
• உயர் வேகமும் திருத்தமும் தேவைப்படும் இடங்களுக்கு ஏற்றது.

மைய விலகலை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். தண்டின் விட்டம் 40.00 மி.மீ., குடத்தின் துளை 40.10 மி.மீ. எனக் கொள்வோம். சாவி இறுகும்போது இடைவெளி முழுவதும் ஒரே பக்கத்தில் சேர்கின்றது. கப்பியின் மையம் 0.05 மி.மீ. விலகும். மெதுவாகச் சுழலும் கப்பிக்கு இது பெரிய குறையன்று. வேகமாகச் சுழலும் பற்சில்லுக்கு இது அதிர்வையும் சத்தத்தையும் தரும்.

6. தலையுடைய சாய்வுச் சாவி

சாதாரண சாய்வுச் சாவியைக் கழற்றுவதற்கு அதன் மெல்லிய முனையில் அடித்தல் வேண்டும். ஆனால் கப்பியின் மறுபக்கத்தில் போதிகை நெருங்கி இருந்தால் அங்கு கருவி நுழையாது. இதற்காகத் தடித்த முனையில் மேல்நோக்கி எழும் தலை ஒன்று அமைக்கப்படுகின்றது. தலைக்கும் குடத்துக்கும் இடையே ஓர் ஆப்பைச் செலுத்தினால் சாவி வெளியே வரும். ஆகவே சாவியைப் பொருத்தும்போது ஆப்பு நுழையும் அளவுக்கு அங்கே இடைவெளி விடப்படல் வேண்டும். தலை குடத்தில் முட்டும்வரை அடித்தல் தவறாகும்.

இதற்குச் சிறந்த உதாரணம் இங்கிலாந்தின் டேர்ஸ்லி நகரில் லிஸ்டர் கம்பனி தயாரித்த, மெதுவாகச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஆகும். நிமிடத்துக்கு 650 சுழற்சி அளவில் ஓடிய அதன் இரு பாரமான பறப்புச் சில்லுகளும் தலையுடைய சாய்வுச் சாவிகளாலேயே தண்டில் நிலைப்படுத்தப்பட்டன. இந்தியாவின் ராஜ்கோட் நகரில் இதனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட எஞ்சின்களிலும் இதே முறையைக் காணலாம்.

7. பொருத்தும் முறை

(1) தண்டு, குடம், தவாளிப்புகள் என்பவற்றைத் துடைத்து, விளிம்புப் பிசிறுகளை அரத்தால் நீக்குக.
(2) சாவி பக்கவாட்டில் தடையின்றி நுழைகின்றதா எனச் சோதிக்குக.
(3) சாவியின் மேற்பக்கத்தில் நீல நிற அடையாள மையை மெல்லியதாகப் பூசுக.
(4) சாவியை இலேசாக அடித்துச் செலுத்தி மீண்டும் வெளியே எடுக்குக.
(5) மை அழிந்துள்ள இடங்களே உயர்ந்த இடங்களாகும். அவற்றை மட்டும் அரத்தால் சிறிதளவு தேய்க்குக.
(6) நீளம் முழுவதும் சீராகத் தொடும் வரை (3) முதல் (5) வரை திரும்பச் செய்க.
(7) எண்ணெய் பூசி, சுத்தியலால் அடித்து இறுக்குக. தலைக்கு முன் இடைவெளி உள்ளதா எனப் பார்க்குக.

அவசரத்தில் மேற்பக்கம் முழுவதையும் தேய்ப்பவர் சாய்வைக் கெடுத்துவிடுவார். அத்தகைய சாவி ஒரு முனையில் மட்டுமே இறுகி நிற்கும். சில நாட்களில் அது தளர்ந்து, தவாளிப்பின் விளிம்புகளையும் சிதைத்துவிடும்.

8. கணிப்பு

வினா: 40 மி.மீ. விட்டமுள்ள தண்டு 7.5 கிலோவாற்று வலுவை நிமிடத்துக்கு 300 சுழற்சியில் கடத்துகின்றது. சாவியின் அகலம் 12 மி.மீ., நீளம் 60 மி.மீ. ஆகும். சாவியில் ஏற்படும் கொய்வுத் தகைப்பைக் காண்க. (பை = 22/7)

விடை:
முறுக்கம் = (60 × வலு) ÷ (2 × பை × சுழற்சி எண்)
= (60 × 7500 × 7) ÷ (2 × 22 × 300)
= 238.6 நியூற்றன் மீற்றர்

தண்டின் மேற்பரப்பில் விசை = முறுக்கம் ÷ ஆரை
= 238.6 ÷ 0.02 = 11 930 நியூற்றன்

கொய்யப்படும் பரப்பு = 12 × 60 = 720 சதுர மி.மீ.

கொய்வுத் தகைப்பு = 11 930 ÷ 720
= 16.6 நியூற்றன் / சதுர மி.மீ. (அண்ணளவாக)

இங்கு கிடைத்த விசை ஏறத்தாழ 1200 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமன். அவ்வளவையும் தாங்குவது அந்தச் சிறு துண்டாகும். உண்மையில் சாய்வுச் சாவியில் ஒரு பகுதி முறுக்கத்தை உராய்வே கடத்துவதால் சாவி மீதான தகைப்பு இதனிலும் குறைவாகும். எனினும் பாதுகாப்பின் பொருட்டு முழு விசையையும் சாவி தாங்குவதாகவே கணிப்பர்.

9. பராமரிப்பும் பாதுகாப்பும்

கரையோரக் காற்றில் உப்பு உண்டு. உப்பு இரும்பு துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். துரு மூடிய சாவி தவாளிப்புடன் ஒட்டிக்கொள்வதால் கழற்றுவது கடினமாகும். எனவே பொருத்தும்போது எண்ணெய் பூசுவதும், வெளியே தெரியும் பகுதிக்குக் கிறீஸ் இடுவதும் அவசியம்.

சாவி தளர்ந்திருப்பதற்கான அறிகுறிகள்: இயந்திரத்தைத் தொடக்கும்போது "டக்" என்ற ஓசை, குடத்தின் ஓரத்தில் செந்நிறத் துருத்தூள், கப்பி தள்ளாடுதல். இவற்றுள் எதனைக் கண்டாலும் இயந்திரத்தை நிறுத்தி, மின்னைத் துண்டித்த பின்னரே பரிசோதித்தல் வேண்டும். சுழலும் நிலையில் சாவியை அடித்து இறுக்க முயல்வது உயிராபத்தானது.

மிக முக்கியமானது சாவியின் தலையாகும். சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மழமழப்பான தண்டு போலவே தோன்றும். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் தலை சாரத்தின் நுனியையோ, தளர்ந்த சட்டைக் கையையோ, அவிழ்ந்த கூந்தலையோ ஒரு கணத்தில் பற்றிச் சுற்றிவிடும். நிமிடத்துக்கு 300 சுழற்சி என்பது விநாடிக்கு 5 சுழற்சி. கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சுழலும் தண்டிலுள்ள சாவி, திருகாணி என்பவற்றைப் பெயர் குறிப்பிட்டே, அவை உள்ளே அமிழ்த்தப்பட வேண்டும் அல்லது மூடிக் காக்கப்பட வேண்டும் என விதித்தது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு இடுவதைக் கட்டாயமாக்கியது.

மாணவர்களே, உங்கள் வீட்டார் எவரேனும் ஆலையில் வேலை செய்பவராயின், அங்கு கப்பிக்கும் சாவித் தலைக்கும் மூடி உள்ளதா எனக் கேட்டுப் பாருங்கள். இப்பாடத்தின் பயன் விடைத்தாளுடன் முடிவதன்று.

பரீட்சையில் மாணவர் விடும் தவறுகள்

• சாவியின் இரு பக்கங்களையும் சாய்வாக வரைதல். சாய்வது மேற்பக்கம் மட்டுமே.
• தண்டின் தவாளிப்பைச் சாய்வாக வரைதல். சாய்வு குடத்தின் தவாளிப்பிலேயே உண்டு.
• தலை குடத்தில் முட்டுவதாக வரைதல். இடைவெளி காட்டப்பட வேண்டும்.
• கணிப்பில் ஆரைக்குப் பதிலாக விட்டத்தைப் பிரதியிடுதல்.

பயிற்சி வினாக்கள்

1. 80 மி.மீ. நீளமும் 1 : 100 சாய்வும் கொண்ட சாவியின் தடித்த முனை 9.0 மி.மீ. எனின், மெல்லிய முனையின் தடிப்பு
(1) 8.0 மி.மீ. (2) 8.2 மி.மீ. (3) 8.8 மி.மீ. (4) 9.8 மி.மீ.

2. சாய்வுச் சாவி இறுக்கமாகத் தொட வேண்டிய பரப்புகள்
(1) இரு பக்கங்கள் (2) மேற்பக்கம் மட்டும் (3) மேற்பக்கமும் அடிப்பக்கமும் (4) இரு முனைகள்

3. உயர் வேகத்தில் சுழலும் பற்சில்லுக்குச் சாய்வுச் சாவி பொருத்தமற்றது. காரணம் தருக.

4. தலையுடைய சாய்வுச் சாவியின் ஒரு நன்மையையும் ஓர் ஆபத்தையும் எழுதி, அவ்வாபத்தைத் தவிர்க்கும் வழியைக் கூறுக.

விடைக் குறிப்புகள்

1. (2). தடிப்புக் குறைவு 80 ÷ 100 = 0.8 மி.மீ.
2. (3).
3. குடம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மையம் விலகுவதால் அதிர்வு ஏற்படும்.
4. நன்மை: ஒரு பக்கத்திலிருந்தே ஆப்பைக் கொண்டு கழற்றலாம். ஆபத்து: சுழலும் தலை உடையைப் பற்றி இழுக்கும். வழி: நிலையான மூடி இடுதல்.