படகு எத்தனை மணி நேரம் ஓடும்?

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வருபவர் முதலில் விலை கேட்பதில்லை. முதுகைத் தடவிப் பார்ப்பார், இடுப்பெலும்பை அழுத்திப் பார்ப்பார், கடைசியில் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவார். உரித்தால் எத்தனை கிலோ தேறும் என்று அந்த ஒரு தூக்கில் மனசுக்குள் கணக்கு ஓடிவிடும். கொம்பும் ரோமமும் குடலில் கிடக்கும் தண்ணியும் அந்தக் கணக்கில் சேராது. இவ்வளவு தெளிவாக வாங்கத் தெரிந்த நாம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆலப்புழைக்குப் படகுவீட்டில் தங்கப் போகும்போது மட்டும் ஆட்டின் ரோமத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். குடும்பப் படகுப் பயணத்துக்குச் செலவுத் திட்டம் போடும்போது ஒரே அளவுகோல் போதும் என்பது என் கட்சி: நாம் கொடுக்கும் பணத்துக்குப் படகு தண்ணீரில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

படகுவீட்டுக்காரர்கள் ‘ஒரு நாள்’ என்று சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பகல் 12 மணிக்கு ஏற்றுவார்கள், மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். அதுவே இருபத்தோரு மணி நேரம்தான். ஏறியதும் ஒன்றரை மணி நேரம் ஓடும், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ஓரமாகக் கட்டிவிடுவார்கள். சாப்பிட்ட பின் மாலை ஐந்தரை வரை ஓடும். அதன்பின் ஓடாது, ஓடவும் கூடாது, ஏனென்றால் அந்தி சாய்ந்தால் காயல், அதாவது உப்பங்கழி, மீனவர்களுக்கு உரியது. அவர்கள் வலை விரிக்கும் நேரத்தில் படகுவீடுகள் கரையோரம் கட்டிக்கிடக்க வேண்டும். மறுநாள் காலைப் பலகாரம் முடிந்து எட்டு மணிக்குக் கிளம்பினால், இறங்கு துறைக்கு வந்து சேரும் ஒரு மணி நேரம்தான் மிச்சம். கூட்டிப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் ஓட்டம், பதினைந்தரை மணி நேரம் நிறுத்தம். ‘ஏசி’ என்று எழுதியிருப்பதையும் இதே போலப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான படகுகளில் ஏசி இரவு 9 மணிக்குப் போட்டு காலை 6 மணிக்கு அணைக்கப்படும். வெயில் காயும் மதியத்தில் மின்விசிறிதான். முழுநேர ஏசி என்றால் அதற்குத் தனி வாடகை.

இப்போது பணத்தை வைத்துப் பார்ப்போம். நான் தரும் தொகைகள் விலைப்பட்டியல் அல்ல, கணக்குப் போடும் முறைக்காகத்தான். அன்றன்றைய விலையை நீங்கள் விசாரித்து இதே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். இரண்டு படுக்கையறைப் படகுவீடு சாப்பாட்டோடு 14,000 ரூபாய் என்று வைத்தால், ஓடும் மணி ஒன்றுக்கு ஏறக்குறைய 2,545 ரூபாய் விழுகிறது. அதே குடும்பம் ஊருக்குள் சாதாரண விடுதியில் இரண்டு அறை எடுத்தால் 3,000, சாப்பாட்டுக்கு 1,800, நான்கு மணி நேரம் ஷிகாரா எனும் சிறு படகு மணிக்கு 800 வீதம் 3,200, அரசுப் பயணிகள் படகில் கோட்டயம் வரை இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு ஆறு பேருக்கும் சேர்த்துத் தாராளமாக 300. மொத்தம் 8,300 ரூபாய்க்கு ஆறரை மணி நேரம் தண்ணீரில் இருக்கலாம், மணிக்கு 1,277 ரூபாய். பாதி விலையில் ஒரு மணி நேரம் கூடுதல். மிச்சமாகும் 5,700 ரூபாயைப் போகவர ஆகும் செலவில் போடலாம்.

அரசுப் படகு என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு நம் டவுன் பஸ் மாதிரி: பள்ளிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் காயல் வாழ்க்கை என்று விளம்பரத்தில் காட்டுவது எதுவோ, அது நடப்பது இங்கேதான். பழைய மரப் படகுகளில் முன்னால் சுக்கான் பிடிக்கும் ‘ஸ்ராங்க்’ ஒரு கயிற்றை இழுப்பார், உள்ளே மணி அடிக்கும், அந்த மணியின் எண்ணிக்கையைக் கேட்டு எஞ்சின்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார். ஒவ்வொரு துறையிலும் இது நடக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கையை எந்தப் படகுவீடும் தராது. ஆலப்புழை–கோட்டயம் தடத்தில் முதலில் வேம்பநாட்டுக் காயலின் அகலமும் பிறகு ஒடுங்கிய கால்வாயும் கிடைத்துவிடும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களைக் கரைக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பாலம் பழுது, ஆகாயத்தாமரை என்று ஏதாவது வழி மறித்தால் படகு கோட்டயம் வரை போகாமல் காஞ்ஞிரம் துறையோடு திரும்பிவிடும். ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகாது என்பவர்களுக்காக அதே நீர்ப் போக்குவரத்துத் துறை ‘வேகா’ என்னும் சுற்றுலாப் படகையும் விட்டது. ஏசி இருக்கை, சாதா இருக்கை என்று தனித்தனியாக, குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் சமைத்த மதிய உணவோடு பாதிராமணல் தீவுப் பக்கம் சுற்றிவரும் ஏற்பாடு அது.

‘தண்ணி மேல ஒரு ராத்திரி தூங்குறதுதானே அனுபவம், அதை விட்டுட்டு என்ன படகுப் பயணம்?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரவு உண்மையில் எப்படி இருக்கும்? பக்கத்தில் ஐந்தாறு படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும், ஏசிக்காக ஜன்னல் சாத்தியிருக்கும், ஜெனரேட்டர் உறுமும், கதவைத் திறந்தால் கொசு. தூங்குகிறவருக்கு அடியில் தண்ணீர் இருந்தால் என்ன, தரை இருந்தால் என்ன? அந்த இரவின் மதிப்பெல்லாம் அதன் முடிவில் வரும் விடியலில்தான் இருக்கிறது. பனிமூட்டம், மீன்கொத்தி, தூரத்துக் கோயில் பாட்டு. அந்த விடியல் வேண்டுமென்றால் விடுதியில் தூங்கிவிட்டு ஆறு மணிக்கு ஷிகாரா ஏறினால் போதும். படகுவீட்டில் இருப்பவருக்கோ எட்டு மணி வரை படகு நகராது.

படகுவீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அயினிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய பழைய நெல்வள்ளத்தின் வழிவந்தது அது. பார்க்கவே தனி அழகு. முட்டி வலிக்காரப் பாட்டியைச் சிறு படகில் ஏற்றி இறக்குவது லேசான வேலை இல்லை, ஷிகாராவில் கழிப்பறையும் இருக்காது. அப்படி ஏறி இறங்கச் சிரமப்படும் வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்குப் படகுவீடுதான் சரி, ஆனால் பகலுக்கு மட்டும். காலை 11 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கும் பகல் வாடகை அநேகமாக எல்லாரிடமும் உண்டு. ஓட்டம் ஏறத்தாழ அதேதான். சாப்பாடு, கழிப்பறை, சாய்ந்து படுக்க இடம் எல்லாம் கிடைக்கும். கட்டிக்கிடக்கும் இரவுக்கான காசு மட்டும் மிச்சம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து நான்கு அறைப் படகை எடுத்தால் இரவு வாடகையும் ஆள் கணக்கில் இறங்கிவிடும். அப்போது தங்கினாலும் கணக்கு இடிக்காது. வழியில் ஒரு கரையோரக் கடையில் நிறுத்தி இறால், கரிமீன் வாங்கச் சொல்வார்கள். அது வாடகையில் சேராத செலவு, விலையும் கூடுதலாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எப்போது போவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் இழக்கிறோம். அரையாண்டு விடுமுறை என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. வருஷத்திலேயே படகு வாடகை உச்சத்தில் இருக்கும் வாரம். திண்டுக்கல்லில் இருந்து தேனி, குமுளி வழியே கோட்டயம் போகும் சாலையில் அப்போது சபரிமலைக் கூட்டம், கம்பத்துக்கு மேல் ஒருவழிப் பாதை. இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே, உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கிறது. வழக்கமாக டிசம்பர் மத்தியில் அதன் கதவுகளை இறக்கினால், கோடை தொடங்கும் வரை திறப்பதில்லை. அந்த மாதங்களில் தெற்குப் பக்கம், அதாவது ஆலப்புழைப் படகுகள் ஓடும் பக்கம், தண்ணீர் ஓட்டமின்றித் தேங்கும். உப்பு பட்டால் சாகும் ஆகாயத்தாமரை செழித்து மண்டும். ஆக, தண்ணீர் மோசமாக இருக்கும் சமயத்தில்தான் வாடகை உச்சத்தில் நிற்கிறது. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைக்குத் தென்மேற்குப் பருவமழை தணிந்திருக்கும், வயலும் காயலும் நிரம்பியிருக்கும், வாடகை இன்னும் ஏறியிருக்காது. ஆயுத பூசைத் தொடர் விடுமுறையோடு மட்டும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன், ஜூலையில் இன்னும் மலிவுதான். ஆனால் வெள்ளம் ஏறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், நாள் வீணாகும்.

போக்குவரத்து பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அய்யலூரிலிருந்து காரில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வாடகை வேன் என்றால் கேரள எல்லை வரி யார் தலையில் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ரயிலில் போகிறவர்கள் திண்டுக்கல்லில் ஏறலாம். சென்னை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், திருவனந்தபுரம் சுற்றி விடியுமுன் ஆலப்புழையில் இறக்கிவிடும். சுற்றுதான், ஆனால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம்.

‘இவ்வளவு தூரம் எதற்கு, கொடைக்கானல் ஏரி இல்லையா?’ என்பவர்களுக்கும் அதே அளவுகோலைத்தான் நீட்டுவேன். 1863-இல் வெட்டிய அந்த ஏரியில் படகுச் சவாரி அரை மணி, ஒரு மணிக் கணக்கு. இ-பாஸ், மலைப்பாதை, சீசன் அறை வாடகை எல்லாம் சேர்ந்து அந்த அரை மணி நேரத்தின் தலையில் ஏறும். கொடைக்கானல் மலைக்காகப் போக வேண்டிய ஊர், படகுக்காக அல்ல. தேக்கடியில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்; போகிற வழியில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் என் கணக்கில் தேறுவது பிச்சாவரம். துடுப்புப் படகில் அலையாத்தி மரங்களின் வேருக்குள் குகை போன்ற வாய்க்கால்களில் போவதற்கு ஈடு இல்லை. திருச்சி, சிதம்பரம் வழியாக இரண்டு நாளில் போய்வரலாம்.

இதுவரை சிக்கனம் பேசினேன். ஒரே ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் குடும்பம் குடும்பமாகப் போனவர்களில் 22 பேர். 2023 மே 7-இல் தானூரில் இருட்டிய பிறகு ஓடிய படகில் 22 பேர். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், உயிர்காப்பு உடை போடாததும், ஒரே பக்கம் சாய்ந்ததும் இவற்றைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசுப் படகும் கவிழ்ந்திருக்கிறது. அதனால் அரசு, தனியார் என்று பார்க்காமல் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் படகில் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று ஏறுமுன் கையில் வாங்கிப் பாருங்கள், பெரியவர் உடை பிள்ளையின் தலை வழியாக நழுவிவிடும். ‘என் பையன் கிணத்துல குதிச்சு நீந்துறவன்’ என்பது நம் பக்கத்துப் பெருமை. கிணற்றில் சுவர் உண்டு, படி உண்டு. கால்வாயில் அடியில் சேறு, மேலே ஆகாயத்தாமரைக் கொடி, பக்கத்தில் சுழலும் எஞ்சின் விசிறி. நீச்சல் தெரிந்த பையனும் உடையைப் போடட்டும்.

காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் இரண்டு மூன்று படகுக்காரர்களுக்குப் போன் போடுங்கள். வாடகையைக் கடைசியில் கேளுங்கள். படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணி நேரம் ஓடும், எங்கே கட்டுவீர்கள், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை உண்டா என்று முதலில் கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.