பிங்யாவ் போகிறீர்களா? ஸ்டேஷனைக் கவனியுங்கள்!

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் உள்ள பிங்யாவ், 14ஆம் நூற்றாண்டு மிங் காலத்து மதில் இன்றும் சுற்றி நிற்கும் ஊர். வழிகாட்டி இல்லாமல் ரயிலிலேயே தாராளமாகப் போய்வரலாம்.

முதலில் ஸ்டேஷன். இங்கே இரண்டு உண்டு. சாதாரண ரயில்கள் நிற்கும் பழைய பிங்யாவ் ஸ்டேஷனிலிருந்து மதிலுக்கு நடந்தே போகலாம். அதிவேக ரயில் நிற்பது 'பிங்யாவ் குச்செங்'. பெயரில் 'பழைய நகரம்' என்றிருந்தாலும், அது ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். சீட்டு எடுக்கும்போதே பெயரைச் சரிபாருங்கள்.

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். பாஸ்போர்ட்தான் உங்கள் டிக்கெட். முன்பதிவில் எண்ணைப் பிழையில்லாமல் தாருங்கள். பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே கேட்டையும் மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. வெந்நீர் பெட்டியிலேயே கிடைக்கும். ஒரு பிளாஸ்க் போதும்.

கூகுள் மேப் அங்கே கைகொடுக்காது. விடுதி முகவரியைச் சீன எழுத்தில் போனில் படமாக வைத்திருங்கள்.

1823இல் தொடங்கிய ரிஷெங்சாங் உண்டியல் கடையை, அதாவது ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப உதவிய பழைய வங்கியை, அவசியம் பாருங்கள். ஓர் இரவாவது மதிலுக்குள்ளேயே தங்குங்கள்.